மாதேஸ்வரனின் பக்கம்

சேந்தமங்கலத்தில் ஏறிய பஸ் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் அம்சவேணி ஜன்னல் வழியே பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். எந்த வளைவில் கணவனின் மோட்டார் சைக்கிள் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போனது என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கும் தெரியும். அந்த வளைவு வந்தபோது கண்டக்டர் உட்பட எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களை ஏமாற்ற வேண்டாமே என்று முந்தானையால் ஒருமுறை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அழுகையெல்லாம் சித்திரை மாதத்தோடு தீர்ந்துபோயிருந்தது. அதிலும் பாதி ஊருக்காக அழுதது. அப்பா வீட்டில் அண்ணன் மனைவி முதல் வாரம் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வாரம் அவளையே போட்டுக் குடிக்கச் சொன்னாள். ஆடி பிறப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பது அவள் வேலையாகிவிட்டது. அந்த வீட்டில் தன் இடம் எது என்று அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலைமேல் பெரக்கரை நாட்டில் தனக்கு ஒரு வீடும் அதில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கின்றன, அதை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

"உனக்கு அதுல என்ன தெரியும்?" என்று அண்ணன் கேட்டான்.

தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் அவளை இறக்கிவிட்டுப் போனபோது பிற்பகல்தான். ஆனால் ஆடி மாதத்துப் பிற்பகலுக்கு மலையில் வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மூடுபனி மரவள்ளிக் காட்டின் மேல் படுத்துக்கிடந்தது. மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டை ஒட்டிய வீட்டின் முன்னறையில் 'மாதேஸ்வரன் கணினிப் பயிற்சி மையம்' என்ற பலகை ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. பூட்டைத் திறந்தாள். பூட்டியே கிடந்த அறையின் ஈர வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் மெலிதாகக் கிராம்பு வாசனை.

மாதேஸ்வரன் நாள் முழுக்கக் கிராம்பு மெல்லுவான். செத்து மூன்று மாதம் ஆகியும் வாசனை போகவில்லையே என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

ஊருக்கு அவன் கம்ப்யூட்டர் சார். மலையில் பிறந்து, நாமக்கல்லில் டிப்ளமோ படித்து, வெளியூர் வேலைக்குப் போகாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் திரும்பி வந்தவன். கட்டிய மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை. குரலை உயர்த்திப் பேசியதில்லை. கேள்வி மட்டும் கேட்பான். தண்ணீர்க் குழாய்க்குப் போய்த் திரும்பினால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எப்பவும் ஆவறதவிட ஆறு நிமிசம் கூட ஆயிருக்குது. அந்த ஆறு நிமிசம் எங்க இருந்தே?" என்பான். சொல்லும் பதிலுக்கு ஒரு கேள்வி. அதற்கும் பதில் சொன்னால் இன்னொன்று. தட்டில் சோறு காய்ந்துபோகும் வரை, சிரித்த முகத்தோடு, மெதுவான குரலில் கேட்டுக்கொண்டே இருப்பான். இப்படிப்பட்ட மனிதனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கேள்வி கேட்டான் என்றா?

கம்ப்யூட்டரை அவள் துடைக்கலாம். இயக்கக் கூடாது. அவன் பாடம் நடத்தும்போது காபி கொண்டுபோவாள், தரையைப் பெருக்குவாள். தேவைக்கு மேல் மெதுவாகப் பெருக்குவாள். மூன்று வருஷம் அப்படிப் பெருக்கிப் பெருக்கியே படித்தாள்.

சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும் முன்பே ரமீஸின் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே அவர் வந்துவிட்டார். மிளகு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, அது பிடிக்காமல் கம்ப்யூட்டர் கடை வைத்தவர். இந்தப் பழைய பென்டியம் கம்ப்யூட்டரை மாதேஸ்வரனுக்கு விற்றதும் அவர்தான். இருவரும் நல்ல சிநேகிதர்கள். ரமீஸ் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற காரியம்தான் அம்சவேணிக்கு எப்போதும் வினையாக முடிந்திருக்கிறது. மாதேஸ்வரனை அவள் அப்பாவிடம் மாப்பிள்ளையாகக் காட்டியவரும் ஒரு நல்ல மனிதர்தான்.

மூடியைக் கழற்றித் தூசி தட்டிவிட்டு ரமீஸ் கம்ப்யூட்டரை இயக்கினார். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"இது ஒரே மெசினுதானுங்க தங்கச்சி. ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு ஊடு இருக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒண்ணு விண்டோஸ் தொண்ணூத்தெட்டு, புள்ளைங்க படிக்கறது. இன்னொண்ணு லினக்ஸ். அது மாதேசுக்கு மட்டும். பாஸ்வேர்டு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். ஸ்விட்சைப் போட்டா, எந்த ஊட்டுக்குப் போவோணும்னு கேக்கும். அதுல ஒண்ணு முழிச்சிருந்தா இன்னொண்ணு பொணமாட்டம் கெடக்கும். இங்க நடக்கறது எதுவும் அதுக்குத் தெரியாது."

"அவரோட ஊட்ட அழிச்சுருங்கண்ணா" என்றாள் அம்சவேணி.

ரமீஸ் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேஜையில் வைத்தார்.

"என்னங்க தங்கச்சி இப்படிச் சொல்றீங்க? அவன் ராவாப் பகலா உக்காந்து பண்ணுனது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது."

"எனக்கு வேண்டாமுங்கண்ணா. எனக்குப் பாடம் நடத்தற பக்கம் மட்டும் போதும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் பொன்னம்மாளுக்குக் கம்ப்யூட்டர் புரியாது. அழிக்கச் சொல்வது புரிந்தது. பக்கத்து வீட்டில் மூத்த மகனோடு இருந்தவள், இளையவன் போன நாளிலிருந்து சோறு வடித்தால் முதல் கை எடுத்து அவன் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடுவாள். வருஷம் திரும்பும் வரை அப்படித்தான் என்று சொல்லியிருந்தாள்.

"வருசம் திரும்பாம அவன் சாமான் எதையும் தொடக் கூடாது கண்ணு" என்று அழ ஆரம்பித்தாள். "எதுவா இருந்தாலும் மொதல்ல அவனுக்கு, பொறவுதான் நமக்கு. பாயி, நீங்க சொல்லுங்க. அந்தப் பொட்டியில யாரு பேரு மொதல்ல வருது?"

"இப்ப விண்டோசுதானுங்கம்மா."

"எம்பையன் பேரு மொதல்ல வரோணும்."

ரமீஸின் கண்கள் கலங்கிவிட்டன. சிநேகிதனுக்குச் செய்ய வேறு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். உட்கார்ந்து ஏதோ தட்டினார். மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் மேல் வரியில் மாதேஸ்வரன் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் வந்தது. அதன் கீழே விண்டோஸ். பொன்னம்மாள் அந்தப் பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அரை நிமிசம் காத்திருக்கும் தங்கச்சி. அதுக்குள்ள கீழ் அம்புக்குறிய அழுத்துனீங்கன்னா உங்க பக்கம் வந்துரும்."

"அழுத்தலேன்னா?"

"அவன் பக்கம் போயிரும். நீங்கதான் பக்கத்துல இருக்கப் போறீங்களே" என்று சிரித்தார்.

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது மாதேஸ்வரனுக்கு. அவன் உயிரோடு இருந்தபோதும் அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

அடுத்த வாரமே ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். டீக்கடை ராசப்பனின் மகள் கவிதாதான் முதலில் வந்தவள். அம்சவேணியைவிட இரண்டு வயது சின்னவள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள். தப்பாகத் தட்டினாலும் சிரிப்பாள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அம்சவேணிக்குப் புதிதாக இருந்தது. ஒருநாள் எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து தன் பெயரைத் திரை முழுக்கப் பெரிதாக அடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சந்தோஷமாக இருக்கிறோம் என்பதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆடிக் காற்றில் மலையில் கரண்ட் நிலைக்காது. எங்காவது மரம் கம்பி மேல் சாயும். சாய்ந்ததை எடுத்துக் கட்டுவதற்குள் இன்னொன்று சாயும். கரண்ட் போனால் பெண்களை அனுப்பிவிட்டு முன்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். உள்ளறையில் பாயை விரித்தால் அந்தக் குளிருக்குத் தூக்கம் கல்லைப் போல வந்து விழும். அப்படித் தூங்கிப் பழக்கமில்லாதவள். அவன் இருந்த காலத்தில் பகலில் கண்ணை மூடினால் அதற்கும் கணக்குக் கேட்பான்.

ஒரு மத்தியானம் துணி துவைத்துவிட்டு வந்தவள், பூட்டிய முன்னறைக்குள் ஒரு சத்தத்தைக் கேட்டாள்.

கர்ர்ர் என்று கம்ப்யூட்டர் சுற்றும் சத்தம்.

பூட்டைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. உள்ளே வருபவர் பெயரைக் கேட்டுக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய கம்ப்யூட்டர். ஸ்விட்ச் போட்டபடியே கிடந்தால் போன கரண்ட் திரும்பி வந்ததும் தானாக எழுந்துகொள்ளும். யாருடைய பக்கம் என்று கேட்கும். அரை நிமிடம் காத்திருக்கும். காலி அறையில் யார் பதில் சொல்வார்கள்?

ஆக, ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கதவு அவனுக்குத் திறந்திருக்கிறது.

சுவிட்சை அணைத்தாள். இனி மறக்காமல் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தாள். அணைத்துவிட்டுத்தான் போனாள். அடுத்த முறையும் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது.

பிறகு கடிகாரம்.

காலையில் விண்டோஸ் பக்கம் வந்து பார்த்தால் திரை மூலையில் மணி தப்பாக இருந்தது. ஐந்தரை மணி நேரம் பின்னால். பெண்கள் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சரிசெய்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே ஐந்தரை மணி நேரம் பின்னால். சரிசெய்தாள். மறுபடியும். அவள் முன்னால் தள்ளுவதும் வேறு யாரோ பின்னால் இழுப்பதுமாக ஒரு பிடிவாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த பிடிவாதம்.

அன்று கரண்ட் போய், தூங்கி எழுந்தபோது வாயில் ஏதோ உறுத்தியது. கடைவாய்ப் பல்லில் சிக்கியிருந்ததை விரலால் எடுத்தாள்.

பாதி மென்ற கிராம்பு.

பொன்னம்மாள் கொடுத்த குழம்பில் கிடந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொன்னம்மாள் குழம்பில் கிராம்பு போடுவதில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ராசப்பன் டீக்கடையிலிருந்து ரமீஸுக்குப் போன் செய்தாள். அவர் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

"ரெண்டு சிஸ்டத்தையும் ஒரே மெசின்ல வெச்சா இந்தக் கடிகாரச் சண்டை வர்றதுதானுங்க தங்கச்சி. லினக்ஸ் லண்டன் மணிய வெச்சுக்கிட்டு நம்ம மணியக் கணக்குப் போட்டுக் காட்டும். விண்டோஸ் நம்ம மணியவே வெச்சுக்கும். ரெண்டுக்கும் நடுவால அஞ்சரை மணி நேரம். மெசினுக்குள்ள கடிகாரம் ஒண்ணுதானே? இவரு சரிபண்ணுனா அவருக்குத் தப்பு. அவரு சரிபண்ணுனா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"என்னங்கண்ணா?"

அவர் திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"சும்மா அந்தப் பக்கம் போனா மட்டும் மணி மாறாதுங்க. கரண்ட் வந்து தானா எந்திரிச்சாலும் மாறாது. உள்ள போயி, மணி தப்பா இருக்குதுன்னு பாத்து, அதைச் சரிபண்ணி, முறையா மூடிட்டு வரோணும். அப்பத்தான் இங்க அஞ்சரை மணி நேரம் பின்னால போவும்."

"உள்ள போறதுக்குப் பாஸ்வேர்டு வேணுமே?"

"ஆமாங்க."

"அது யாருக்குத் தெரியும்?"

வெளியே மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றிருந்தது. அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் ரமீஸ் மெதுவாகக் கேட்டார். இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். வேறு சாவி? வேறு சாவி கிடையாது.

"அண்ணா" என்றாள் அம்சவேணி. "மொத நாளே உங்ககிட்டச் சொன்னேன். அழிச்சுருங்கன்னு வாயத் தொறந்து சொன்னேன். நீங்க உங்க சிநேகிதனுக்குத்தான் மரியாதை பண்ணுனீங்க. நான் அவருகூட எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. பையிலிருந்து பிளாப்பியை எடுத்தார்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது பொன்னம்மாள் ஓடி வந்தாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இந்த முறை அழவில்லை.

"அவன் குடியிருந்த ஊட்ட இடிக்கறீங்க" என்றாள். "அவன் இனி எங்க போயி இருப்பான்னு நெனச்சுப் பாத்தீங்களா? சொல்லு அம்சா. எங்க போவான்?"

"எங்க வேணும்னாலும் போவட்டும்" என்றாள் அம்சவேணி. மாமியாரிடம் அவள் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. சொல்லும்போது நன்றாக இருந்தது.

ரமீஸ் மேல் வரியை எடுத்தார். அவன் பக்கம் முழுவதையும் அழித்தார். மறுபடி இயக்கியபோது கேள்வி இல்லை, பெயர் இல்லை, காத்திருப்பு இல்லை. நேராக விண்டோஸ் வந்து நின்றது. அவர் காசு வாங்க மறுத்துவிட்டு மழையில் நனைந்தபடியே பஸ்ஸுக்குப் போனார்.

ஆவணி முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை. கடிகாரம் ஓடியபடி ஓடியது. கரண்ட் வந்தாலும் பூட்டிய அறை அமைதியாகக் கிடந்தது. கிராம்பு வாசனையும் போய்விட்டது. பக்கத்து ஊரிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். கவிதாவின் தம்பிக்கு வேலைக்கு மனு அடித்துக் கொடுத்ததில் ராசப்பன் டீக்குக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார். பலகையைக் கழற்றி வேறு பெயர் எழுத வேண்டும், வருஷம் திரும்பட்டும் என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள். அதுவரை அவன் பெயர் வெளியில் தொங்கட்டும். உள்ளே இல்லாமல் போனதே போதும்.

புரட்டாசி தொடக்கத்தில் மறுபடி காற்றும் மழையுமாக இருந்தது. ஒருநாள் வகுப்பு நடுவில் கரண்ட் போயிற்று. வெளியே மழை கொட்டியதால் பெண்களை முன்னறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சற்றுத் தலை சாய்த்தாள். விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. யாரும் இல்லை. கரண்ட் வராது என்று போயிருப்பார்கள் என எண்ணிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஒருவரும் வரவில்லை.

வழியில் மரம் விழுந்திருக்கும் என்று முற்பகல் வரை காத்திருந்தாள். பிறகு கவிதா வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏங் கண்ணு அங்கயே நிக்கறே? மத்தவங்க எல்லாம் எங்க?"

"அவங்க இனி வர மாட்டாங்களாமுங்க்கா."

"ஏன்?"

கவிதா அவள் கண்களையே உற்றுப் பார்த்தாள். யாரென்று நிச்சயப்படுத்திக்கொள்வதைப் போலப் பார்த்தாள்.

"நேத்து நடந்தது உங்களுக்கு நெனப்பில்லீங்களா?"

"நேத்து நான் தூங்கிப்போயிட்டேன்."

"இல்லீங்க்கா" என்றாள் கவிதா மெதுவாக. "கரண்ட் வர்றதுக்கு முன்னாலயே எந்திரிச்சு வந்துட்டீங்க. மெசினுக்கு முன்னால உக்காந்தீங்க. எரியாத தெரையக் காட்டிப் பாடம் நடத்துனீங்க. நாங்க வெளையாட்டுக்குன்னு நெனச்சுச் சிரிச்சோம். நீங்க சிரிக்கல."

அம்சவேணி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறவு ஒவ்வொருத்தரையாக் கேட்டீங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து எங்க எங்க இருந்தே, எத்தன நிமிசம் இருந்தேன்னு. மெதுவாத்தான் கேட்டீங்க. சாந்திக்கு ஒரு பத்து நிமிசத்துக்குப் பதில் சொல்லத் தெரியல. அவள மழையில நிக்க வெச்சுட்டீங்க. அவ நடுங்கிட்டு நிக்கறா, நீங்க மணிக்கட்டப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. உங்க கையில வாச்சுகூட இல்லீங்க்கா."

"போதும் கண்ணு."

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க." கவிதாவின் குரல் உடைந்தது. "கடைசியா எந்திரிச்சீங்க. 'அவ முழிக்கற நேரமாச்சு, அவகிட்டச் சொல்லாதீங்க'ன்னு எங்ககிட்டச் சொல்லிட்டு உள்ள போயிப் படுத்துட்டீங்க."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. மிளகுக் கொடிகளிலிருந்து சொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒண்ணு முழிச்சிருந்தா இன்னொண்ணு பொணமாட்டம் கெடக்கும் என்று ரமீஸ் சொன்னது அவளுக்கு இப்போது கேட்டது. பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று அவள்தான் கேட்டாள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் அவனுக்கு ஓர் இடம் இருந்தவரை அவன் இவளைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கிறான். அந்த இடத்தையும் இவளே இடித்துப் போட்டாள்.

கோபம்தான் முதலில் வந்தது. செத்தும் விடமாட்டானா? மூன்று வருஷம் நிமிஷம் நிமிஷமாகக் கணக்குக் கேட்டவன், இப்போது நிமிஷங்களையே எடுத்துக்கொண்டானா? பத்துப் பெண்கள் வந்து சிரித்துக்கொண்டிருந்த அறையை ஒரே மத்தியானத்தில் காலி செய்துவிட்டான். இனி இந்த மலையில் யார் தங்கள் வீட்டுப் பெண்ணை அவளிடம் அனுப்புவார்கள்?

அறையில் எரிந்துகொண்டிருந்த பல்பு ஒருமுறை மங்கிப் பிரகாசித்தது. கரண்ட் போகப்போகிறது.

"கவிதா, இங்க வா" என்றாள் அவசரமாக. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "என்னைய உள்ள வெச்சு வெளியில பூட்டிரு. சாவிய எடுத்துக்கிட்டு ஊட்டுக்குப் போயிரு."

"அக்கா, என்னங்க்கா இது..."

"கரண்ட் வந்த பொறவு வா. வந்து என்னைக் கூப்புடு. நாந்தான்னு நல்லாத் தெரிஞ்சாத்தான் தொறக்கோணும். கொஞ்சம் சந்தேகமா இருந்தாலும் தொறக்காதே. ஓடிரு. தெரிஞ்சுதா சாமி?"

கவிதா அழுதுகொண்டே தலையாட்டினாள். கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது. ஈர மண்ணில் அவள் செருப்புச் சத்தம் போய்த் தேய்ந்தது.

பல்பு அணைந்தது.

அம்சவேணி பாய் விரிக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். தூங்கினால்தானே? தூங்கமாட்டேன். தன் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அம்சவேணி. மறுபடி சொன்னாள். ஜன்னலில் பனி வெளுத்து அடர்ந்தது. அம்சவேணி. அம்சவேணி. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். வலித்தது. வலிக்கும் வரை தான்தான் என்று ஆறுதலாக இருந்தது. அம்சவேணி. அம்ச

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

கதவு விரியத் திறந்திருந்தது. மழை விட்டிருந்தது. புடவை முழங்கால் வரை சேறாகி, ஈரம் காலோடு ஒட்டிக் குளிர்ந்தது. தொண்டை, நீண்ட நேரம் பேசியதைப் போல வறண்டிருந்தது. வலது கை எதையோ இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

சாவி.

வாசலில் கவிதாவின் செருப்பு ஒன்று கிடந்தது. இன்னொன்று பள்ளத்தில் இறங்கும் மரவள்ளிக் காட்டு வரப்பில், வெகு தூரத்தில் கிடந்தது. அதற்கப்பால் மூடுபனி.

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தாள் அம்சவேணி. எந்தக் குரல் வருமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டாள்.